அனுமதி கேட்காத கண்

நபி (ஸல்) அவர்களின் இல்லத்துக் கதவிலிருந்த துளை வழியாக ஒரு மனிதர் உள்ளே எட்டிப் பார்த்தார். நபியவர்கள் அப்போது இரும்பாலான ஒரு கோலால் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருப்பது முன்னரே தெரிந்திருந்தால் அந்தக் கோலாலேயே அவருடைய கண்ணைக் குத்தியிருப்பேன் எனும் பொருள்படக் கூறிய அவர்கள், நுழைய அனுமதி கேட்க வேண்டுமென்று விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றும் விளக்கினார்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

பள்ளிவாசலில் சிறுநீர் கழித்த கிராமத்து அரபியிடம்கூட மென்மையாக நடந்துகொண்ட ஒருவரின் வாயிலிருந்து இத்துணைக் கடுமையான சொல் ஏன் பிறந்தது என்று நெடுநாள் யோசித்ததுண்டு. துளையில் கண்ணை வைத்தவர் எதையும் திருடவில்லை, யாரையும் தொடவில்லை, வாசற்படியில் கால் வைக்கவுமில்லை. எனினும் அவர் உள்ளே வந்துவிட்டார். கால் வெளியே நிற்க, கண் நுழைந்துவிட்டது. கண்ணின் நுழைவைக் காலின் நுழைவாகவே கருதும் இந்தக் கூர்மை சட்ட நூல்களிலும் தொடர்கிறது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் ஊர்களின் மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' இவ்விஷயத்தை மிக நுணுக்கமாக வகுக்கிறது. ஒருவர் வேண்டுமென்றே பலகணி அல்லது துளை வழியாகப் பிறர் வீட்டுப் பெண்களைப் பார்க்க, வீட்டுக்காரர் சிறு கல் போன்ற இலேசான பொருளை எறிந்து, அதனால் பார்த்தவரின் கண் பறிபோனால் அதற்கு ஈடு இல்லை. கதவு திறந்து கிடந்தால் இந்தச் சலுகை வீட்டுக்காரருக்குக் கிடையாது. ஏனைய மத்ஹபுகளில் இதில் கருத்து வேறுபாடு உண்டு. கண்ணைக் குத்தலாமா கூடாதா என்பது இங்கே நம் விசாரணையல்ல. திறந்த கதவுக்கும் துளைக்கும் இடையே ஃபகீஹ்கள் கண்ட வேறுபாடுதான் என்னை ஈர்க்கிறது. இரண்டின் வழியாகவும் பார்க்கப்படும் பொருள் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் திறந்த கதவின் எதிரே நிற்பவரை வீட்டிலுள்ளோரும் பார்க்க முடியும். துளையில் கண் வைத்தவரையோ யாரும் பார்க்க முடியாது. தான் பார்க்கப்படாமல் பிறரைப் பார்ப்பதே அவருடைய குற்றத்தின் சாரம்.

இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சில திரைப்படங்களையும் நிழற்படங்களையும், பின்னர் நம்மையும் பார்க்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சினிமாவைப் பற்றி நம்மவர் எழுதும்போது பெரும்பாலும் திரையில் என்ன காட்டப்படுகிறது என்பதோடு நின்றுவிடுகின்றனர். ஆபாசம், வன்முறை, இஸ்லாமியர் பற்றிய திரிபு ஆகியவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் கொட்டகையின் இருளில் உட்கார்ந்திருப்பவர் யார்? அவர் எந்நிலையில் உட்கார்ந்திருக்கிறார்? இப்னுல் ஹைஸம் தமது ஒளியியல் ஆய்வுகளில் இருட்டறை ஒன்றை அமைத்து, சிறு துளை வழியாக ஒளி நுழைந்து எதிர்ச் சுவரில் விழுவதைச் சோதித்தறிந்தார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவியவர் அவர். பௌதிகத்தில் அவர் சொன்னதே சரி. ஒழுக்கவியலில் பழைய கொள்கையும் முற்றாகச் செத்துவிடவில்லை. கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுச் சென்று மற்றவரைத் தொடத்தான் செய்கிறது. சினிமாக் கொட்டகையும் ஓர் இருட்டறையே. அதில் பார்ப்பவர் அறைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறார்.

இந்த ஒளிந்திருத்தலைத் தன் கருவாகவே கொண்ட படம் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954). கார்னல் வுல்ரிச்சின் 1942ஆம் ஆண்டுச் சிறுகதையொன்றைத் தழுவியது. பத்திரிகைப் புகைப்படக்காரர் ஜெஃப்ரீஸ், பந்தயக் கார் விபத்தொன்றைப் படமெடுக்கப் போய்க் கால் முறிந்து, நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் உள்ள தம் அடுக்கக வீட்டில் சக்கர நாற்காலியில் முடங்கிக் கிடக்கிறார். பின்புற முற்றத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் சாளரங்கள் கோடை வெப்பத்தால் திறந்தே இருக்கின்றன. நடனமாடும் இளம்பெண், தனிமையில் வாடும் நடுவயதுப் பெண், பியானோவோடு மல்லாடும் இசையமைப்பாளர், புதுமணத் தம்பதியர், நோயுற்ற மனைவியோடு ஓயாமல் சண்டையிடும் விற்பனையாளர் தோர்வால்ட். ஒருநாள் அம்மனைவியைக் காணவில்லை. கணவன் அவளைக் கொன்றுவிட்டான் என்று ஜெஃப்ரீஸ் சந்தேகிக்கிறார். முதலில் வெறுங்கண், பின்னர் தொலைநோக்கி, அதன்பின் நீண்ட லென்ஸ் பொருத்திய கேமரா என்று அவருடைய பார்வை படிப்படியாக ஆயுதம் பூணுகிறது.

இப்படத்தைப் பற்றி எழுதாத விமர்சகரே இல்லை எனலாம். எனினும் அதன் தொடக்கக் காட்சி போதிய அளவு கவனிக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கேமரா முற்றத்தை நிதானமாக வலம் வந்து ஒவ்வொரு சாளரத்தையும் நமக்குக் காட்டிவிட்டு அறைக்குள் திரும்பும்போது, ஜெஃப்ரீஸ் சாளரத்துக்கு முதுகைக் காட்டியவாறு வியர்வை வழிய உறங்கிக்கொண்டிருக்கிறார். ஆக, முதலில் எட்டிப் பார்த்தவர் அவரல்லர்; நாம். பின்னர் அவரைக் கண்டிக்கும் தகுதியை நமக்குத் தராமலே ஹிட்ச்காக் கதையைத் தொடங்குகிறார். அவருக்குப் பணிவிடை செய்ய வரும் செவிலி ஸ்டெல்லா, இப்படி எட்டிப் பார்ப்பவர்களுக்கு நியூயார்க்கில் ஆறு மாதச் சிறை என்று எச்சரிக்கிறாள். வெளியே வந்து நின்று தத்தம் வீட்டை மனிதர்கள் ஒருமுறை பார்த்துக்கொண்டால் தேவலை என்றும் சொல்கிறாள். ஏட்டறிவில்லாத அந்தப் பெண்தான் படத்தில் ஒழுக்கவியல் தெரிந்தவள். ஆனால் அவளும் சிறிது நேரத்தில் தொலைநோக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள் என்பது வேறு விஷயம்.

ஜெஃப்ரீஸ் சந்தேகித்தது உண்மையாகிவிடுகிறது. தோர்வால்ட் கொலைகாரன்தான். அப்படியானால் எட்டிப் பார்த்தது நன்மைக்குத்தானே என்று கேட்கத் தோன்றும்; படத்தின் மிகவும் அபாயகரமான வாதமும் இதுதான். இக்கேள்வியை நம் அறிஞர்கள் எதிர்கொண்டிருக்கிறார்கள். ஹிஜ்ரி 450இல் காலமான இமாம் மாவர்தீ, 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் ஹிஸ்பா அதிகாரியின் வரம்புகளை விவரிக்கையில், வெளிப்படாத பாவங்களைத் துருவித் தேட அவருக்கு அதிகாரமில்லை என்கிறார். அதற்கு விதிவிலக்கும் தருகிறார். ஒருவன் மற்றொருவனைக் கொல்வதற்காகத் தனிமையில் கொண்டு சென்றிருக்கிறான் என்று நம்பகமான ஒருவர் தகவல் தந்தால், பின்னர் ஈடுசெய்ய முடியாத இழப்பைத் தடுக்கும் பொருட்டு அப்போது துருவி அறியலாம். ஏறத்தாழ ஜெஃப்ரீஸின் வழக்கே இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மாவர்தீயின் அதிகாரிக்குத் தகவல் முதலில் வருகிறது, பார்வை பின்னர் செல்கிறது. ஜெஃப்ரீஸோ சந்தேகம் எதுவும் எழுவதற்கு முன்பே பல வாரங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொலை அவருடைய பார்வைக்குக் காரணமாக இல்லை. பின்னால் கிடைத்த நியாயமாக இருக்கிறது. கொலை நடந்திராவிட்டால் அவர் வெறும் எட்டிப் பார்ப்பவர்தான். இது அவருக்கே உறைக்கிறது. ஒரு மனிதன் குற்றமற்றவன் என்று நிரூபணமாகவே செய்தாலும், அவனைத் தொலைநோக்கியால் பார்த்தது முறைதானா என்று தம் காதலி லிசாவிடம் வினவுகிறார். அதற்குப் படத்தில் விடையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரும் தோர்வால்டின் சாளரத்தையே உற்றுக் கவனித்துக்கொண்டிருக்கையில், கீழ்த்தளத்தில் தனிமையில் வாழும் பெண் தற்கொலைக்கு ஆயத்தமாகிறாள். மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டாள். எல்லாவற்றையும் பார்ப்பவர்களுக்கு அது தாமதமாகவே கண்ணில் படுகிறது. அவளைக் காப்பாற்றுவது அவர்களல்லர். மேல்தளத்திலிருந்து ஒலித்த இசை. ஒளிந்து பார்ப்பவருக்குப் பிறர் துயரம் ஒரு காட்சியாகவே தெரியும். அண்டை வீட்டாரின் உரிமையாகத் தெரியாது. முற்றத்து நாய் கொல்லப்பட்ட இரவில் அதன் சொந்தக்காரி மாடியில் நின்று, அண்டை வீட்டார் என்பதன் பொருள் உங்களுக்குத் தெரியுமா என்று எல்லோரையும் நோக்கிக் கதறுவதை, பார்வையாளர்கள் நாயைக் கொன்றவன் யார் எனும் துப்பறியும் ஆவலில் கடந்துவிடுகிறார்கள்.

கடைசியில் துளையின் மறுபக்கம் விழித்துக்கொள்கிறது. தோர்வால்டின் வீட்டுக்குள் புகுந்து அகப்பட்டுக்கொண்ட லிசா, கொலையுண்டவளின் மோதிரத்தைத் தன் விரலில் அணிந்து, முதுகுக்குப் பின்னால் கையை வைத்து ஜெஃப்ரீஸுக்குச் சைகை காட்டுகிறாள். தோர்வால்ட் அதைக் கவனித்துவிட்டுத் தலையை உயர்த்தி நேரே கேமராவைப் பார்க்கிறான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருளில் பத்திரமாக இருந்த நாம் அந்த ஒரு கணத்தில் பிடிபட்டுவிடுகிறோம். பிறகு அவன் ஜெஃப்ரீஸின் இருண்ட அறைக்கு வந்து, என்னிடமிருந்து உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்கிறான். கொலைகாரன் கேட்டாலும் அது நியாயமான கேள்வி. புகைப்படக்காரரிடம் பதில் இல்லை. மின்னல் விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து எதிரியின் கண்களைக் கூசவைக்க மட்டுமே அவரால் முடிகிறது. பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் மற்றவனின் பார்வையைப் பறித்துத் தம்மைக் காத்துக்கொள்கிறார்.

ஹிட்ச்காக்கை உலகம் கொண்டாடியது. ஆறாண்டுகள் கழித்து இதே கருவில் இங்கிலாந்தின் மைக்கேல் பவல் எடுத்த 'பீப்பிங் டாம்' (1960), அவருடைய திரைவாழ்வையே முடக்கிப்போட்டது. ஸ்டுடியோவில் கேமரா உதவியாளனாக வேலை செய்யும் இளைஞன், பெண்களைக் கொல்லும்போது அவர்களுடைய அச்சத்தைப் படமெடுக்கிறான். தம் மரண பயத்தைத் தாமே பார்க்குமாறு ஒரு கண்ணாடியையும் கேமராவில் பொருத்தியிருக்கிறான். அச்சம் பற்றி ஆராய்ந்த அவனுடைய தந்தை, சிறு வயதில் அவனையே சோதனைப் பொருளாக்கி இரவும் பகலும் படமெடுத்தவர். அத்தந்தையாக நடித்தவர் பவல். சிறுவனாக நடித்தது அவருடைய சொந்த மகன். விமர்சகர்கள் அருவருத்து எழுதினர். அவர்களுடைய அருவருப்பின் ஒரு பகுதி தங்கள் ஆசனத்தைக் குறித்ததாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஹிட்ச்காக் பார்வையாளனைக் குறும்பாகச் சீண்டிவிட்டு மன்னித்துவிடுகிறார், பவல் மன்னிக்கவில்லை. எனினும் படம் எனக்கு முழு நிறைவு தரவில்லை. எல்லாவற்றையும் தந்தையின் கொடுமையில் கொண்டுபோய் முடித்துவிடும் உளவியல் விளக்கம், ஒளிந்து பார்த்தலை ஒரு நோயாளியின் விவகாரமாகச் சுருக்கிவிடுகிறது. அரசுகளும் படைகளும் நல்ல மனநலத்தோடு அலுவல் நேரத்தில் அதே காரியத்தைச் செய்திருக்கின்றன.

அதற்குச் சான்று தேட அல்ஜீரியாவுக்குப் போக வேண்டும். 'பீப்பிங் டாம்' வெளியான அதே 1960ஆம் ஆண்டு, பிரெஞ்சுப் படையில் கட்டாயப் பணியாற்றிய மார்க் கரான்ஜே என்னும் இளம் புகைப்படக்காரருக்கு ஓர் உத்தரவு வந்தது. விடுதலைப் போராளிகளிடமிருந்து பிரிப்பதற்காகப் படையினர் கிராம மக்களைக் கொண்டுவந்து அடைத்திருந்த முகாம்களில், எல்லோருக்கும் அடையாள அட்டை வழங்க வேண்டும். ஆகவே ஒவ்வொருவரையும் படமெடுக்க வேண்டும். பெண்கள் முகத்திரையை நீக்க வேண்டும் என்பது தளபதியின் கட்டளை. வெள்ளையடித்த சுவரின் முன் போடப்பட்ட முக்காலியில் ஒருவர் பின் ஒருவராக வந்து அமர்ந்தார்கள். பத்து நாள்களில் ஏறத்தாழ 2000 பேர். போரை எதிர்த்தவரான கரான்ஜே, அப்படங்களைப் படையின் குற்றத்துக்கான சாட்சியமாகவே கருதி, 1982இல் நூலாக வெளியிட்டார்.

அம்முகங்களைப் பார்த்தவர்கள் அவற்றை மறப்பதில்லை. முகத்திரை போய்விட்டது, சிலரின் தலைத்துணியும் போய்விட்டது. ஆனால் கண்கள் அசையாமல் நேரே லென்ஸைப் பார்க்கின்றன. மறைந்திருக்கும் வாய்ப்பு முற்றாகப் பறிக்கப்பட்ட நிலையில், பார்ப்பவனை மறைந்திருக்க விடாமல் செய்தல் ஒன்றே அவர்களுக்கு எஞ்சியிருந்தது. அதைச் செய்தார்கள். தோர்வால்டின் பார்வை நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. இவர்களுடைய பார்வை நம்மைத் தலைகுனியச் செய்கிறது. திரையிட்ட பெண் தன்னைக் காட்டாமல் உலகைப் பார்க்கிறாள் என்பதே குடியேற்றவாதியை எரிச்சலூட்டியது என்று ஃபிரான்ஸ் ஃபனோன் 1959இல் எழுதியிருந்தார். அப்படியானால் அவளும் ஒளிந்து பார்ப்பவள்தானே என்று ஒருவர் கேட்கக்கூடும். இல்லை. அவள் தெருவில் நிற்பது எல்லோருக்கும் தெரியும். தன் இருப்பை அவள் மறைக்கவில்லை, தன் முகத்தை மட்டுமே தனக்கென வைத்துக்கொண்டாள். துளைக்குப் பின்னால் நிற்பவனோ தன் இருப்பையே மறைக்கிறான்.

அல்ஜீரியக் கவிஞர் மாலெக் அல்லூலா 1981இல் வெளியிட்ட நூல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே அச்சான பிரெஞ்சு அஞ்சலட்டைகளை ஆராய்கிறது. உண்மையான அந்தப்புரத்துக்குள் நுழைய முடியாத புகைப்படக்காரர்கள், ஏழைப் பெண்களுக்குக் கூலி கொடுத்து ஸ்டுடியோவில் கம்பிச் சாளரம் அமைத்து அதன்பின் நிறுத்தி, 'அல்ஜீரியப் பெண்' என்று பெயரிட்டு விற்றார்கள். எட்டிப் பார்க்க ஒரு துளை கிடைக்காதபோது துளையையும் வீட்டையும் சேர்த்தே தயாரித்துக்கொண்டார்கள். ஆனால் அப்பெண்களின் மானத்துக்காக எழுதிய அல்லூலா, அப்படங்களைத் தம் நூலில் மறுபடியும் அச்சிட்டது எப்படிச் சரியாகும் என்று சில விமர்சகர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இக்கட்டுரையோடு படங்கள் எதுவும் வேண்டாமென்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன்.

பிரான்ஸின் இந்த நினைவைத் திரைக்குக் கொண்டுவந்த படம் மிக்கேல் ஹானெக்கேயின் 'கஷே' (2005). 'மறைக்கப்பட்டது' என்று பொருள். பாரீஸ் தெருவொன்றில் ஒரு வீட்டின் முகப்பு அசையாமல் நெடுநேரம் திரையில் நிற்கிறது. திடீரென்று பிம்பம் பின்னோக்கிச் சுழல்கிறது. அப்போதுதான் தெரிகிறது, நாம் பார்த்துக்கொண்டிருந்தது தெருவையல்ல, யாரோ ஒளிந்திருந்து எடுத்தனுப்பிய ஒளிநாடாவை. தொலைக்காட்சியில் இலக்கிய நிகழ்ச்சி நடத்தும் ஜார்ஜ், இலட்சக்கணக்கானோர் தம்மைப் பார்ப்பதை விரும்புகிறவர். ஆனால் யாரோ ஒருவர் பார்க்கிறார் என்றதும் நிலைகுலைகிறார். நாடாக்கள் அவரைத் தம் சிறுவயதுக்கு இட்டுச் செல்கின்றன. 1961 அக்டோபர் 17 அன்று, அல்ஜீரியர்கள் மீது மட்டும் விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்துப் பாரீஸில் ஊர்வலம் சென்றவர்களைக் காவலர்கள் கொன்று பலரை ஸேன் நதியில் வீசினார்கள். ஜார்ஜின் பெற்றோரிடம் வேலை செய்த அல்ஜீரியத் தம்பதியர் அன்று திரும்பவேயில்லை. அவர்களுடைய மகன் மஜீதைத் தம் பெற்றோர் தத்தெடுப்பதைப் பொறுக்காத ஆறு வயது ஜார்ஜ், பொய் சொல்லி அவனை வெளியேற்றிவிட்டார். பிரான்ஸ் அந்நாளைக் கண்ணெடுத்துப் பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின. குடியரசுத் தலைவர் ஒருவர் அதை ஒப்புக்கொண்டது 2012இல்தான்.

நாடாக்களை அனுப்பியவர் யாரென்று படம் கடைசிவரை சொல்வதில்லை. விமர்சகர்கள் இதை வியந்தார்கள். எனக்கு அதில் ஓர் உறுத்தல் உண்டு. பிறரைப் பார்த்தே பழகிய சமூகத்தின் மீது பார்வையைத் திருப்பியது நியாயம். ஆனால் அதைத் திருப்பியவரும் துளைக்குப் பின்னால்தான் நிற்கிறார். அதன் விலையாக உயிரை விடுபவர் ஜார்ஜ் அல்லர், மஜீத்.

அஞ்சலட்டையும் முக்காலியும் பழங்கதையாகிவிடவில்லை. 2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டு நாளிலும் இந்திய முஸ்லிம் பெண்களின் படங்களைச் சமூக ஊடகங்களிலிருந்து எடுத்து, அவர்களை 'ஏலத்துக்கு' விட்டிருப்பதாகக் காட்டிய இரு செயலிகள் வெளியாயின. பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், சமூகச் செயற்பாட்டாளர்கள் எனப் பொதுவாழ்வில் பேசிய பெண்களே பெரும்பாலும் குறிவைக்கப்பட்டனர். பின்னர் கைதானவர்கள் இளைஞர்கள். ஓர் இளம்பெண்ணும் அவர்களில் இருந்தார். 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, பெண்ணின் அந்தரங்கச் செயலை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பரப்புவதும் குற்றமாயின. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவாக உள்ளது. படமெடுக்கச் சம்மதித்தவர் அதைப் பரப்பவும் சம்மதித்ததாகாது என்ற நல்ல விளக்கமும் அதில் உண்டு. ஆனால் ஏலம் விடப்பட்டவை அந்தரங்கப் படங்களல்ல. முகம் தெரிய, பலர் தலைத்துணியோடு, பொதுவெளியில் தாமே வைத்த படங்கள். பார்க்கப்பட்டதில் எந்த மறைவும் இல்லை. மறைவெல்லாம் பார்த்தவர்களிடமே, அவர்களுடைய பொய்ப் பெயர்களிலும் முகமற்ற கணக்குகளிலுமே இருந்தது.

அப்போது நம்மவர் சிலர் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் வேதனையாயிருக்கிறது. படத்தை ஏன் போட்டார்கள் என்று கேட்டார்கள். பார்வையைத் தாழ்த்துமாறு பணிக்கும் 24ஆம் அத்தியாயத்தின் 30ஆவது வசனம் ஆண்களை நோக்கியது. பெண்களை நோக்கிய வசனம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. இவ்வரிசையை நம் மேடைகள் நெடுங்காலமாகத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன. பார்வையை முற்றாக மூடிக்கொள்ளுமாறும் வசனம் சொல்லவில்லை. அதிலுள்ள 'மின்' என்ற இடைச்சொல், பார்வையில் ஒரு பகுதியை என்று பொருள்படும் என முஃபஸ்ஸிர்கள் பலர் குறித்துள்ளனர். உலகைப் பார்க்கத்தான் வேண்டும். எங்கே நிறுத்துவது என்பது பார்ப்பவரின் பொறுப்பு.

துருவித் தேடாதீர்கள் என்ற 49:12இன் தடையும் நம்மிடம் இதே கதிக்கு ஆளாகியிருக்கிறது. பூங்காவிலோ பேருந்து நிலையத்திலோ பேசிக்கொண்டிருக்கும் இளம் ஆணையும் பெண்ணையும் கைப்பேசியில் பதிவுசெய்து, பெயரும் ஊரும் கேட்டு மிரட்டி, 'சமுதாயத்தின் நன்மைக்காக' என்ற முன்குறிப்போடு பரப்பும் வழக்கம் நம் இளைஞர்களிடையே வளர்ந்திருக்கிறது. அதை அனுப்புபவர்கள் ஒருமுறைக்குப் பலமுறை பார்த்துவிட்டே அனுப்புகிறார்கள். தீமையைத் தடுப்பதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாக, அத்தீமை துருவாமலே வெளிப்பட்டிருக்க வேண்டும் என்பதை இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் வைத்திருக்கிறார்கள். உமர் (ரலி) பற்றி அவர்கள் எடுத்தாளும் செய்தியும் இங்கே நினைக்கத் தக்கது. இரவில் மதீனாவைச் சுற்றி வந்த கலீஃபா ஒரு வீட்டுச் சுவரேறிக் குதித்து, தவறான நிலையில் ஒருவரைக் காண்கிறார். அம்மனிதரோ, நான் செய்தது ஒரு பாவம், நீங்கள் செய்தது மூன்று என்கிறார்: துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியே வராமல் சுவர் வழியே வந்தீர்கள், அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தீர்கள். மூன்றுக்கும் அவர் இறைவசனங்களையே சான்றாக்குகிறார். அமீருல் முஃமினீன் அவரை விட்டுவிட்டு வெளியேறுகிறார். கைப்பேசி ஏந்திய நம் இளைஞர்களுக்கு இந்தக் கலீஃபாவைவிட அதிகமான அதிகாரத்தை யார் கொடுத்தது என்று தெரியவில்லை.

பார்வையின் ஒழுக்கத்தைச் சினிமாவுக்குச் சட்டமாகவே விதித்த நாடு ஈரான். புரட்சிக்குப் பின் 1980களின் தொடக்கத்தில் வந்த விதிகளின்படி, கதையில் கணவனோடும் மகனோடும் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணும் தலையை மறைத்திருக்க வேண்டும். வெளியார் இதை நகைத்தார்கள். உறங்கும்போதும் முக்காடா என்றார்கள். ஆனால் அந்த விதியில் ஒரு கோட்பாட்டு நேர்மை ஒளிந்திருக்கிறது. இருளில் அமர்ந்திருக்கும் பார்வையாளனையும் அறையிலிருக்கும் ஓர் அந்நியனாக அது எண்ணுகிறது. உன்னை யாரும் பார்க்கவில்லை என்ற சுகத்தை அவனுக்கு மறுக்கிறது. ஹமீத் நஃபீசி போன்ற ஆய்வாளர்கள் இதிலிருந்து பிறந்த விலகிய பார்வையின் மொழியை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அதே அரசு பின்னர் தானே துளையாக மாறிப்போனதையும் மறைக்கக் கூடாது. ஹிஜாப் விதிகளுக்காகப் பிடித்துச் செல்லப்பட்ட 22 வயது மஹ்ஸா அமீனி 2022 செப்டம்பரில் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, தலை மறைக்காத பெண்களை அடையாளம் காணப் பொது இடங்களில் கேமராக்களைப் பயன்படுத்தப் போவதாக அங்குள்ள காவல்துறை அறிவித்தது.

சட்டம் சாதிக்காததை ஒரு கலைஞர் சாதித்தார். அப்பாஸ் கியரொஸ்தமியின் 'ஷிரீன்' (2008) படத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் இருளில் அமர்ந்து, நிஜாமியின் குஸ்ரவ்-ஷிரீன் காதற்கதையைச் சொல்லும் படமொன்றைப் பார்க்கிறார்கள். அந்தப் படம் நமக்குக் காட்டப்படுவதேயில்லை. கண்ணீர் கசியும் முகங்களை மட்டும் பார்க்கிறோம். அந்தரங்கமான கணங்களில் அவர்களை ஒளிந்து பார்ப்பதாக ஒரு கூச்சம் எழும். உண்மையில் அவர்கள் நடிகையர். கியரொஸ்தமியின் வீட்டில் கேமரா முன் அறிந்தே அமர்ந்தவர்கள். எதிரே எந்தப் படமும் ஓடவில்லை. எட்டிப் பார்த்தலின் தோற்றம் முழுவதும் இருக்க, அதன் குற்றம் மட்டும் நீங்கியிருக்கிறது.

ஆனால் என் மனம் திரும்பத் திரும்பப் போவது அவருடைய 'க்ளோஸ்-அப்' (1990) படத்துக்கே. இயக்குநர் மக்மல்பாஃப் நானே என்று சொல்லி, தெஹ்ரானில் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் இடம்பிடித்த ஏழை சினிமா ரசிகர் ஹுஸைன் சப்ஸியான் மீது வழக்கு நடக்கிறது. நீதிபதியிடம் அனுமதி பெற்று நீதிமன்றத்துக்குள் கேமராவைக் கொண்டுவந்த கியரொஸ்தமி, விசாரணைக்கு முன் குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் பேசுகிறார். இங்கே இரண்டு கேமராக்கள் உள்ளன, இது உங்கள் முகத்தை அருகில் காட்டும், நீதிமன்றம் ஏற்கச் சிரமப்படுவதை நீங்கள் இதனிடம் சொல்லலாம் என்று விளக்குகிறார். சிறைக்கைதி ஒருவரிடம் லென்ஸின் தன்மையை விளக்கிச் சொன்ன இயக்குநர் வேறு எவரையும் நான் அறியேன். பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள் நுழைந்தவரின் முகத்துக்குள் கேமரா கேட்டுவிட்டு நுழைகிறது.

சப்ஸியானுக்கு மன்னிப்புக் கிடைக்கிறது. விடுதலையாகி வெளியே வரும்போது, எதிர்பாராமல் அசல் மக்மல்பாஃபே மோட்டார் சைக்கிளோடு காத்து நிற்கிறார். சப்ஸியான் உடைந்து அழுகிறார். படக்குழு தூரத்தில் ஒரு வாகனத்துக்குள் இருந்து, கீறல் விழுந்த கண்ணாடி வழியே இதைப் படமாக்குகிறது. இங்கே மட்டும் அவரிடம் அனுமதி கேட்கப்படவில்லை. ஒலிவாங்கி பழுதாகிவிட்டது என்று படக்குழுவின் குரல் கேட்கிறது. இருவரின் பேச்சும் விட்டு விட்டு அறுபடுகிறது. அது பழுதல்ல, தாம் வேண்டுமென்றே செய்ததுதான் என்று கியரொஸ்தமி பின்னாளில் ஒப்புக்கொண்டார். பேசியவர்களுள் ஒருவருக்குக் கேமரா இருப்பது தெரியும், மற்றவருக்குத் தெரியாது.

இருவரும் வழியில் பூச்செடி ஒன்றை வாங்கிக்கொண்டு, ஏமாற்றப்பட்ட குடும்பத்தின் வீட்டுக்கு வருகிறார்கள். சப்ஸியான் அழைப்பு மணியை அழுத்துகிறார். யார் என்று உள்ளிருந்து குரல் கேட்கிறது. கதவைத் தட்டியவர் 'நான்' என்று மட்டும் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நமக்கு நினைவுக்கு வரும். சப்ஸியான் முதன்முறையாக அந்த வாசலில் நின்று தம் சொந்தப் பெயரைச் சொல்கிறார். உள்ளே இருப்பவருக்கு அது விளங்கவில்லை. தயங்கிவிட்டு, மக்மல்பாஃப் என்றும் சேர்த்துச் சொல்கிறார். கதவு திறக்கிறது. பூக்களைக் கையில் ஏந்தியபடி அவர் தலையைத் தாழ்த்தி நிற்க, படம் அங்கேயே உறைந்து நின்றுவிடுகிறது.